நூறிலிருந்து கழிக்கப்பட்டவர்கள்

மே மாதம் வந்துவிட்டால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் தனியார் பள்ளிகளின் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. ‘100 சதத் தேர்ச்சி’. கீழே வரிசையாக முகங்கள். முகங்களுக்கு அடியில் மதிப்பெண்கள். இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். இப்பிரதி சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: நூறு சதம் என்பது எத்தனை பேரில்? ‘ஒம் புள்ளைக்குப் படிப்பு ஏறல, வேற ஸ்கூல்ல சேத்துக்க’ என்று ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் இக்கணக்கில் வருவதில்லை. எழுதுபவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் சதவீதம் தானாக ஏறும். ஆக, ‘சிறந்த கல்வி’ என்கிற சொல்லாடல் வெளியேற்றத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள் இத்தாலியின் பார்பியானா என்னும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். 1954இல் அங்கு அனுப்பப்பட்ட பாதிரியார் லொரென்ஸோ மிலானி நடத்திய பள்ளி அவர்களுடையது. மாணவர்கள் எட்டுப் பேர் கூட்டாக எழுதி 1967இல் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’, பெயிலாக்கப்பட்டவர்களே பள்ளிக்கூடத்தின் மீது எழுதிய விமர்சனம். பெயிலாகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பட்டியல் போட்டுக் காட்டினார்கள். டாக்டர் மகன் பியெரினோ பள்ளியின் மொழியை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறான். ஏழை வீட்டு ஜான்னியின் பேச்சோ பள்ளிக்குப் பிழையாகப் படுகிறது. அறிவைச் சோதிப்பதாகச் சொல்லிப் பிறப்பைச் சோதிக்கிறார்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

பார்பியானாவில் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் பாடம் அவனுக்காக நின்றது. இதைப் புனிதப் பிரதியாக்க வேண்டியதில்லை. விடுமுறையே இல்லாமல் வருஷம் முழுக்க நடந்த பள்ளி அது; மிலானியின் அதிகாரமும் அதில் இருந்தது. நம் விடுதிப் பள்ளிகளும் இதைத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். ஆனால் அங்கே கூடுதல் நேரம் பின்தங்கியவனுக்காக. இங்கே அது சென்டம் எடுக்கப் போகிறவனுக்காக.

இது பழங்கதை அல்ல. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் வந்த திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் பெயிலாக்குவதற்குக் கதவைத் திறந்தது. அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்த தமிழக அரசு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. ‘பெயில் போடலன்னா தரம் கெட்டுப்போயிடும்’ என்ற குரல் மட்டும் ஓயவில்லை.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயிலாக்காதே என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிட்டதா? எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அப்படியே ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றிவிடுவதும் கைகழுவுவதுதான். ஒன்று வாசலில் நடக்கிறது, மற்றது கடைசி பெஞ்சில்.

எனவே ஒரு பள்ளியின் சிறப்பை அளக்க முதல் மதிப்பெண் உதவாது. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் மறு வருஷத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடுபட்ட பெயர்களை எண்ண வேண்டும். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். தட்டியில் இல்லாத அந்த முகங்களிலிருந்துதான் கல்வி குறித்த நமது விமர்சனம் தொடங்க முடியும்.