ஏறிச் செல்லப் படி இல்லாத பட்டம்: சென்னை சிட்டியின் 2018-19 பருவம்

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றிய சென்னை சிட்டி கால்பந்துக் கழகம், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று வியட்நாமின் தா நாங் நகரில் கூடிய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு எடுத்த முடிவினால், களத்துத் தோல்வி எதுவும் காரணமாக இல்லாமலே, நாட்டின் இரண்டாம் அடுக்கு அணியாக ஆனது. கால்பந்தில் ஓர் அணி கீழ் அடுக்குக்குப் போவது புதிதல்ல. ஆனால் பட்டம் வென்ற அணி, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கீழே போனது புதிது. அந்தப் பருவத்தை ஆட்டக் கோணத்திலிருந்து மறுபடி பார்க்கும்போது, சென்னை சிட்டிக்கு நேர்ந்த இழப்பு களத்தில் நேர்ந்ததல்ல என்பது தெளிவாகிறது.

இரண்டாம் அடுக்கு என்ற ஏற்பாட்டின் பொருளை அறிய அதன் தாய்மண்ணான இங்கிலாந்தைப் பார்ப்பது பயன்தரும். அங்கே முதல் அடுக்கான பிரீமியர் லீக்கிற்கு அடுத்து நிற்கும் சாம்பியன்ஷிப் லீக்கில் 24 கழகங்கள், ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் வீதம் ஆடுகின்றன. முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேரடியாக மேலே செல்ல, 2022-23 பருவத்தின் விதிப்படி 3 முதல் 6 வரையிலான இடங்களில் முடித்த நான்கு அணிகள் தமக்குள் மோதி மூன்றாவது வாய்ப்பைத் தீர்மானித்தன. கடைசி மூன்று அணிகள் மூன்றாம் அடுக்குக்கு இறங்கின. அந்தப் பருவத்தில் அந்த மூன்றாவது வாய்ப்பை வெம்பிளி அரங்கில் கவென்ட்ரி அணியைப் பெனால்டி உதைகளில் வென்று பெற்ற லூட்டன் டவுன், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஐந்தாம் அடுக்கில் கிடந்த அணி. பிரீமியர் லீக்கில் ஒரே ஆண்டு தாக்குப்பிடித்த அது 2024-இல் இரண்டாம் அடுக்குக்கும், 2025-இல் மூன்றாம் அடுக்குக்கும் இறங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏறியதற்கும் இறங்கியதற்கும் களத்து முடிவுகளே காரணம் என்பதால், இரண்டாம் அடுக்கில் ஆடுவது அங்கே இழிவாகக் கருதப்படுவதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 2007-இல் தொடங்கிய ஐ-லீக் நாட்டின் முதன்மைப் போட்டியாக இருந்தபோதே, 2014-இல் பெருமுதலீட்டின் துணையோடு இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், தொடங்கப்பட்டது. அன்று அதில் இடம்பெற வெற்றி தேவைப்படவில்லை, கோடிக்கணக்கில் பங்கேற்புக் கட்டணம் செலுத்தும் உரிமையாளர் தேவைப்பட்டார். கடைசி இடத்தில் முடித்தாலும் எந்த அணியும் இறக்கப்படவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்னையின் எஃப்.சி. அந்த லீக்கில் ஆட, சென்னை சிட்டி 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. இரண்டு லீக்குகளும் அருகருகே, ஒன்றையொன்று பார்க்காததுபோல் நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஐ-லீக்கில் ஆடிய முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாவது இடத்தையே பிடித்த ஒரு கழகம், மூன்றாவது பருவத்தில் பட்டம் வெல்லும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தை உயரத் தூக்கி அடித்து முன்னே துரத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, கோல்காப்பாளரிடமிருந்தே குறும்பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறைக்கு எலும்புக்கூடாக அமைந்தவர்கள் ஸ்பானியக் கால்பந்தில் வளர்ந்தவர்கள்: கோல்கம்பத்தின் முன் நவுசெட் சந்தானா, தற்காப்பின் நடுவே ராபர்ட்டோ எஸ்லாவா, நடுக்களத்தின் முன்பகுதியில் சாந்த்ரோ ரோட்ரிகசும் நெஸ்டர் கோர்டில்லோவும், உச்சியில் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மன்சி. இந்த எலும்புக்கூட்டைச் சுற்றி எட்வின் சிட்னி வன்ஸ்பால், அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும், அசாமிலிருந்து வந்த கௌரவ் போராவும் சதையாக அமைந்தனர். வெளிநாட்டு வீரர்களை விலைகொடுத்து வாங்கி, உள்ளூர் வீரர்களை அவர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுப்பவர்களாக நிறுத்தும் பழக்கம் நம் நாட்டு லீக்குகளில் பரவலாக உண்டு. இந்த அணி அதற்கு விலக்காக இருந்ததே அதன் முதல் சிறப்பு.

2018 அக்டோபர் 26 அன்று இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மன்சி ஹாட்ரிக் அடிக்க, சென்னை சிட்டி 4-1 என்று வென்றது. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 21 கோல்கள் இருந்தன. சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டியிருந்தார். ஆயினும் மன்சியை வெறும் கோல் அடிப்பவராகக் குறைத்து மதிப்பிடுவது தவறு. தற்காப்பாளரைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு பந்தை வாங்கி, பின்னாலிருந்து ஓடிவரும் நெஸ்டருக்குத் திருப்பிவிடும் அவருடைய ஆட்டமே அணியின் தாக்குதலுக்குத் திறவுகோலாக இருந்தது. மன்சியைக் காவல் காத்தால் நெஸ்டர் விடுபடுவார், நெஸ்டரைத் தடுத்தால் சாந்த்ரோவுக்கு இடம் கிடைக்கும் என்ற நெருக்கடியில் எதிரணிகள் தொடர்ந்து மாட்டிக்கொண்டன. 20 ஆட்டங்களில் 48 கோல்கள் என்ற கணக்கு அப்படிச் சேர்ந்ததுதான். மறுபக்கம், முன்னேறிச் சென்ற பக்கவாட்டுத் தற்காப்பாளர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் எதிரணிகள் புகுந்து அடித்த கோல்களும் குறைவல்ல. ஒரு கோலை வாங்கினால் இரண்டை அடிப்போம் என்ற துணிச்சலோடு ஆடிய அணி இது. தற்காப்பைப் பூட்டிக்கொண்டு 1-0 என்று வெல்லும் அணிகளை விரும்புவோருக்கு இதன் ஆட்டம் பிடித்திருக்க வாய்ப்பில்லை.

பட்டப் போட்டியில் இறுதிவரை துரத்திவந்தது, ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் அலெஹாந்த்ரோ மெனெண்டசின் கீழ் ஆடிய ஈஸ்ட் பெங்கால். கொல்கத்தாவின் நூற்றாண்டுப் பெருமை கொண்ட அந்த அணியைச் சென்னை சிட்டி கொல்கத்தாவிலும் கோவையிலும் 2-1 என்ற ஒரே கணக்கில் வென்றிருந்தது. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்றதால், கடைசி நாளன்று சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகளும் ஈஸ்ட் பெங்காலுக்கு 39 புள்ளிகளும் இருந்தன. வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று என்ற புள்ளி முறைப்படி, ஈஸ்ட் பெங்கால் வென்று சென்னை சிட்டி சமநிலை கண்டாலே பட்டம் கைமாறிவிடும்.

அந்தக் கடைசி நாள் தனியே விவரிக்கத் தக்கது. முந்தைய ஆண்டின் சாம்பியனும் அந்த ஆண்டு பட்டியலின் கீழ்ப்பகுதியில் தடுமாறிக்கொண்டிருந்ததுமான மினர்வா, மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலாவின் கோலால் முன்னிலை பெற்றது. முதல் பாதி முழுவதும் சென்னை சிட்டியின் பாஸ்களில் பதற்றம் தெரிந்தது. வழக்கமாகத் தரையோடு போகும் பந்து உயரே எழுந்தது. இடைவேளையில் கணக்கு 0-1. 56-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மன்சி கோலாக்கிய பிறகே அணி தன் இயல்புக்குத் திரும்பியது. 69-ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா அணியை முன்னிலைக்குக் கொண்டுவர, ஏறத்தாழ அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணி ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கோல் அடித்தது. ஈஸ்ட் பெங்கால் அங்கே இரண்டு கோல்களைத் திருப்பி அடித்து வென்றும் பயனில்லை. கூடுதல் நேரத்தில் போரா மூன்றாவது கோலையும் போட்டு முடித்தார். 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தீர்ந்தது. 21 கோல் அடித்த நட்சத்திரம் இருந்த அணியில், பட்டத்தை உறுதிசெய்த இரு கோல்களையும் அடித்தவர் தற்காப்புப் பொறுப்பில் ஆடும் ஓர் இந்திய வீரர் என்பது அந்த அணி கட்டப்பட்ட விதத்துக்குத் தக்க சான்று.

இந்தப் பருவம் தென்மாவட்டங்களில், குறிப்பாக ஆமத்தூர் முதல் சிவகாசி வரை நீளும் பட்டாசு வட்டாரத்தில், பேசப்படாமலே கடந்துபோனதற்குக் காலமும் ஒரு காரணம். பேரியம் உப்புகளின் பயன்பாட்டைத் தடுத்துப் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 அக்டோபர் 23 அன்று, லீக்கின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பு வெளியானது. தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் நடுவில் மூடப்பட்ட ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கப்படவில்லை. ஆலை திறக்கும் நாளையும் முன்பணக் கடனையும் எண்ணிக்கொண்டிருந்த குடும்பங்கள் கோவையில் நடக்கும் லீக்கின் புள்ளிப்பட்டியலைக் கவனித்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கவனிக்க விரும்பியவர்களுக்கும் வழி குறைவாகவே இருந்தது. பருவத்தின் நடுவில் ஒளிபரப்பாளர் ஐ-லீக் ஆட்டங்களின் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் குறைத்துவிட, கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பல ஆட்டங்கள் திரைக்கு வராமலே முடிந்தன.

தரம் எந்த லீக்கில் இருந்தது என்ற கேள்விக்குப் பட்டம் வென்ற அடுத்த சில வாரங்களிலேயே களம் விடை சொன்னது. இரு லீக்குகளின் அணிகளும் மோதும் சூப்பர் கோப்பை புவனேஸ்வர் கலிங்கா அரங்கில் நடந்தபோது, ஐ-லீக் கழகங்கள் பல அதைப் புறக்கணித்த சூழலிலும் சென்னை சிட்டி ஆடியது. முதலில் புனே சிட்டி அணியை 4-2 என்றும், காலிறுதியில் அந்த ஆண்டின் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு அணியை 2-1 என்றும் வென்று, அரையிறுதியில் கோவா அணியிடம் 0-3 என்று தோற்று வெளியேறியது. ஒற்றை ஆட்டத்தை வைத்து லீக்கின் தரத்தை எடைபோடுவது பொறுப்பான செயல் அல்ல. ஆயினும் இரு சாம்பியன்களும் நேருக்கு நேர் மோதியதில் வென்ற அணியின் லீக்கை இரண்டாம் அடுக்கு என்றும், தோற்ற அணியின் லீக்கை முதல் அடுக்கு என்றும் ஏழு மாதங்களுக்குள் அறிவிப்பதற்கு ஆட்டத்துக்கு வெளியே உள்ள காரணங்களே தேவைப்பட்டன.

தா நாங் முடிவின்படி ஐஎஸ்எல் முதன்மை லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே செல்லும் உரிமை 2022-23 பருவத்திலிருந்துதான் என்று வரையறுக்கப்பட்டது. 2019-இல் பட்டம் வென்ற அணிக்கு இதில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பட்டம் வென்ற இரண்டாம் அடுக்கு அணி மேலே செல்லும்போது தன் வீரர்களோடு சேர்ந்து செல்கிறது. மேலே ஆடலாம் என்ற வாய்ப்பே வீரர்களை அங்கே பிடித்துவைக்கிறது. சென்னை சிட்டியில் வீரர்கள் தனித்தனியாக ஏறினார்கள், கழகம் நின்ற இடத்திலேயே நின்றது. எட்வின் சென்னையின் எஃப்.சி. அணிக்கும், போரா ஒடிசாவுக்கும், நெஸ்டர் ஹைதராபாத்துக்கும் 2019-இலேயே சென்றனர்; அஜித்குமார் பெங்களூருவுக்கும் ரொமாரியோ கோவாவுக்கும் 2020-இல் சென்றனர். மன்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போனார். அதுவும் அப்போது இரண்டாம் அடுக்கு அணிதான். ஆனால் ஏணி உள்ள நாட்டின் இரண்டாம் அடுக்கு. 2022-இல் அந்த அடுக்கில் முதலிடம் பிடித்து அந்த அணி மேலே சென்றது.

பழி முழுவதையும் லீக் அமைப்பின்மேல் போட்டுவிடுவதும் நேர்மையாகாது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைனின் ரிஃபா அணியை எதிர்கொண்டபோது, அந்த ஆட்டம் நடந்தது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். ஒரு கோலில் தோற்ற அணியை உற்சாகப்படுத்தத் தன் ஊர்க் கூட்டம் இல்லை. மார்ச் 11 அன்று ஆசியக் கூட்டமைப்பின் ஏ.எப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2 என்று சமநிலை கண்டதும் அகமதாபாத்திலேயே. ஆசியப் போட்டிக்கு ஏற்ற அரங்கு தமிழ்நாட்டில் ஓர் அணிக்குக் கிடைக்கவில்லை என்பது லீக் அமைப்பாளர்களின் குற்றம் அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது எழுந்த நம்பிக்கையும் களத்தில் பலனாக விளையவில்லை. முதுகெலும்பான ஸ்பானிய வீரர்கள் கலைந்தபோது அவர்களுக்கு ஈடாக வளர்த்துவைத்த அடுத்த வரிசை இல்லாமற்போனது கழகத்தின் சொந்தக் குறை. கொரோனாவால் பாதியில் நின்ற 2019-20 பருவத்தில் பட்டத்துக்கு அருகில்கூட வராத சென்னை சிட்டி, எல்லா ஆட்டங்களும் கொல்கத்தா வட்டாரத்திலேயே நடந்த 2020-21 பருவத்தில் சத்தியசாகரா என்ற பயிற்சியாளரின் கீழ் ஆடியும் பின்வரிசைக் குழுவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில் அது லீக்கிலேயே இல்லை.

பட்டம் கிடைத்த அதே 2019-இல், மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது மதுரையின் சேது கால்பந்துக் கழகம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கம் உள்ள சேது கல்வி நிறுவனத்தோடு தொடர்புடைய அணி இது. ஒரே ஆண்டில் ஆண், பெண் இரு தேசிய லீக் பட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தது மாநிலத்தின் கால்பந்து வரலாற்றில் தனி இடம் பெறத்தக்க செய்தி. ஆனால் பெற வேண்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது பெறவில்லை. சேது அணி அதன் பின்னும் முதல் அடுக்கில் ஆடியது. ஆண்கள் பிரிவில், 2022-23 ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு உயர்ந்த முதல் அணி என்ற பெயரைப் பஞ்சாப் தட்டிச்சென்றது. அந்தப் பருவத்து ஐ-லீக்கில் தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணிகூட ஆடவில்லை.