முகம் தெரியாத மன்னர்: வெர்சிஞ்செடோரிக்ஸ் சிலையும் சேரமான் பெருமாளும்

பழங்கால மன்னர் பலரின் செயல்கள் நூல்களிலும் கதைகளிலும் நிலைத்துள்ளன. அவர்களின் முகம் நிலைக்கவில்லை. அத்தகைய மன்னருக்கு உருவம் தரும் கலைஞர் முகத்தைக் கற்பனை செய்யலாம். அல்லது முகத்தை முதன்மையாக்காமல் மன்னரின் இடத்தைக் காட்டலாம்.

முகத்தை உருவாக்கிய சிலை

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முதல் வழியைப் பெரிதும் விரும்பியது. தேசிய உணர்வு வளர்ந்த அக்காலத்தில் பழங்காலத் தலைவர்களுக்குப் பேருருவச் சிலைகள் எழுந்தன. கி.மு. 52இல் ரோமானியரை எதிர்த்துத் தோற்ற கால் இன மன்னர் வெர்சிஞ்செடோரிக்ஸுக்கு, பிரான்சின் அலீஸ்-சேன்ட்-ரேன் குன்றில் 1865இல் செப்புத் தகட்டுச் சிலை நிறுவப்பட்டது. செய்தவர் எமே மில்லே. செய்வித்தவர் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். சிலையின் முகத்தில் அப்பேரரசரின் சாயல் உள்ளதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. தொங்கும் மீசையும் நீண்ட முடியும் ஊன்றிய வாளும் பழமையைக் காட்ட வந்தவை. ஆனால் சிலை அதிகம் சொல்வது அதைச் செய்வித்த காலத்தைப் பற்றியே.

இடத்தைக் காட்டிய ஓவியம்

இரண்டாம் வழிக்குச் சான்று தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியம். நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றில் சுந்தரர் வெள்ளை யானை மீதும், அவர் நண்பர் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்கின்றனர். யானை அரசருக்குரிய ஊர்தி. இங்கோ அதில் அடியவர் அமர்ந்திருக்கிறார். முடியுடைய மன்னர் குதிரையில் வருகிறார். இந்த இட மாற்றமே மன்னர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. கயிலை வாயிலில் சேரமான் தடுத்து நிறுத்தப்பட்டதாகப் பெரியபுராணம் கூறுவதும் இதனோடு பொருந்துகிறது.

திருமுருகன்பூண்டி

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே, பனியன் கம்பெனிகள் நிறைந்த வட்டாரத்தில் உள்ளது திருமுருகன்பூண்டி. சேரமான் தந்த பொன்னுடன் சுந்தரர் இவ்வழியே வந்தபோது சிவபூதங்கள் வேடர் வடிவில் அதைப் பறித்தன. அவர் பதிகம் பாடியபின் திரும்பக் கிடைத்தது என்பது தலவரலாறு. இக்கதையில் மன்னர் நேரில் வருவதில்லை. அவருடைய கொடை மட்டுமே வருகிறது.

இதே ஊரில் இன்று கற்சிற்பக் கூடங்கள் பல இயங்குகின்றன.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் இன்று நிறுவப்படும் மன்னர் சிலைகள் பல முறுக்கு மீசை, உயர்த்திய வாள், விரிந்த மார்பு என ஒரே அச்சில் அமைகின்றன. பீடத்திலுள்ள பெயரை மாற்றினால் வேறு மன்னராகிவிடும் இச்சிலைகள் 1865ஆம் ஆண்டின் வழியைப் பின்பற்றுபவை. கொடையால் அறியப்பட்டவரும் நட்பால் அறியப்பட்டவரும் இவ்வச்சில் வெறும் போர்வீரராகிவிடுகின்றனர். மன்னரை அடையாளம் காட்ட முகம் தேவையில்லை என்பதைத் தஞ்சை ஓவியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டியுள்ளது.