ஓரியின் கொல்லி, பொறையனின் கொல்லி

காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். போன ஆடியில் பஸ்ஸில் போனபோது பத்தாவது வளைவிலேயே எண்ணுறதை விட்டுட்டேன். மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடியில் அரசே அவனுக்கு விழாவும் எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பில் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்தவன் என்று மேடையில் பேசுவார்கள். இந்த மலை அவன் கையைவிட்டு எப்படிப் போனது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இருக்காது.

அது போன கதை சங்கப் பாடல்களில் இருக்கிறது. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. சேர அரசு விரிந்ததைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் புறநானூறு, பதிற்றுப்பத்து என்றுதான் கை போகும். எனக்கு அது காதல் பாட்டில்தான் கிடைத்தது.

குறுந்தொகை 100, கபிலர் பாடல். தலைவன் தன் காதலியைக் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடுகிறான். அந்தக் கொல்லி ஓரியுடையது. குறுந்தொகை 89, பரணர் பாடல். உரலில் குத்திக்கொண்டு வள்ளைப் பாட்டு பாடும் பெண். அவளும் கொல்லிப்பாவை போன்றவள்தான். ஆனால் இங்கே கொல்லி சேரன் பொறையனுடையது. என் வேலையில் ஒரு கோப்பின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், மாறின இடம் மட்டும் நிறத்தில் தெரியும். இங்கே அதே மலை, அதே பாவை. உரிமையாளர் பெயர் மட்டும் மாறியிருக்கு. (தொகுப்பின் வரிசை காலவரிசை இல்லை. அதனால் புதிய பதிப்பு 89இலும் பழையது 100இலும் வருது!)

நடுவில் நடந்ததை அகநானூறு 209 சொல்லிவிடுகிறது. கல்லாடனார் பாடியது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். இதைச் சொல்வது பிரிவில் வாடும் தலைவியைத் தேற்றும் தோழி! கொலை, கைமாற்றம், பலா மரம், பாவை எல்லாம் ஒரே மூச்சில் வந்து அவள் அழகில் போய் முடிகின்றன.

உவமை வெறும் மரபு, அதில் அரசியல் தேடாதே என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படியென்றால் கொல்லிப்பாவை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, உரிமையாளர் பெயர் எதற்கு? ஒரு பேரரசின் வளர்ச்சி போர்க்களத்தோடு முடிவதில்லை. தோற்ற மலையின் பேர் சொல்லும்போது ஜெயித்தவன் பேரும் இயல்பாக நாக்கில் வர வேண்டும். அந்த வேலையை இந்த உவமைகள் செய்கின்றன, அழகாகவே செய்கின்றன. எனக்கு உறுத்துவதும் அந்த அழகுதான்.

ஒரு பாடல் மட்டும் வேறு மாதிரி. நற்றிணை 320, இதுவும் கபிலர் பேரில்தான் இருக்கிறது. பரத்தை ஒருத்தி தெருவில் நடந்து போக ஊர் இரைகிறது. எப்படி? ஓரியைக் கொன்றபின் அவன் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சல் போல. தோற்றவர்களின் சத்தம் இந்தப் பாடல்களில் எனக்குக் கேட்டது இங்கே ஒரு தடவைதான். சத்தம் மட்டும்தான். என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பது இல்லை. இதே கபிலர் புறநானூற்றில் காரியின் கொடையையும் பாடியவர். பாரிக்காக அழுத கபிலர் இவர்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடம்.

பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குப் பின்னாளில் எழுதப்பட்ட பதிகத்தில் மலை 'கொல்லிக் கூற்றம்' ஆகிவிட்டது, அதாவது ஓர் ஆட்சிப் பிரிவு. தகடூரும் விழுகிறது. பல நூற்றாண்டு கழித்துக் குலசேகர ஆழ்வார் தன் பட்டங்களில் ஒன்றாகக் கொல்லியின் காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். ரொம்பப் பின்னால் சேலம் மாவட்டம், 1997 முதல் நாமக்கல் மாவட்டம்.

மேலே ஊராட்சிப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, தேவனூர்நாடு, சேலூர்நாடு. சில சிற்றூர்கள் சேர்ந்தால் அங்கே அது ஒரு நாடு. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ஊர் பேரைச் சொல்லவில்லை, நாட்டின் பேரைத்தான் சொன்னார்.