துளை வழியே ஒரு சிகரம்

ஓரிகனில், மெக்கன்சி கணவாயின் உச்சியில், 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் ஒரு கறுப்புக் கல் கோபுரம் நிற்கிறது. பெயர் டீ ரைட் அப்சர்வேட்டரி. பெயரைக் கேட்டு, தொலைநோக்கி இருக்கும்னு நினைத்துத்தான் முதல் தடவை போனேன். அதெல்லாம் இல்லை. சுற்றிலும் உறைந்து கிடக்கும் எரிமலைக் கற்களையே எடுத்து அடுக்கி, 1935-இல் கட்டி முடித்த காட்சி மேடை. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு நடத்திய முகாமைச் சேர்ந்தவர்கள் கட்டியது.

கட்டடத்துக்கு விமர்சனமா என்று கேட்கலாம். இது எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தருகிற கட்டடம். அதனால் இதை ஒரு பிரதியாகத்தான் வாசிக்க முடிகிறது. உள்ளே அரையிருட்டு. சுவரில் சின்னச் சின்னத் துளைகள், துளைக்கொரு சிகரம், கூடவே அதன் பெயர். ஒன்றில் கண்ணை வைத்தால் மவுண்ட் வாஷிங்டன் மட்டும். இன்னொன்றில் ஜெஃபர்சன் மட்டும். கார்கள், செல்ஃபிக்காரர்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல எடிட்டிங்.

மேல்தளத்தில் நேர் எதிர். ஒரு வெண்கலத் தட்டில் சிகரங்கள் எல்லாவற்றுக்கும் திசையும் பெயரும். மக்கள் தட்டைப் பார்க்கிறார்கள், நிமிர்ந்து சரிபார்க்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். நம் பயணக் கட்டுரைகளில் பாதி இந்தத் தட்டுதான். நான் எழுதியதும் அப்படித்தான். நாலு வருடம் முன்னால் இந்த இடத்தைப் பற்றி எழுதியதில் எட்டுச் சிகரங்களின் பெயர் இருந்தது. காலடியில் கிடந்த கல்லுக்கு ‘நிலவைப் போல’ என்று ஒரே ஓர் உவமை. (1964-இல் நாசா இந்த வட்டாரத்து எரிமலை நிலங்களில்தான் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆக, உவமைகூட என்னுடையது இல்லை.)

ஆனால் அந்த இருட்டறையோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. துளைகள் எல்லாம் தூரத்தையே குறிவைக்கின்றன. நடுவில் மைல் கணக்கில் கிடக்கும் கல்லைத் தாண்டிப் போய்விடுகிறது பார்வை. பெல்னாப் பக்கத்துக் குழம்புக்கு வயது சுமார் 1,500 ஆண்டுதான். பாயும்போது அது பழைய குன்றுகளைச் சுற்றி வளைத்திருக்கிறது. அவை இன்றும் கருங்கடலில் மரம் முளைத்த தீவுகளாய் நிற்கின்றன. இந்த வழியாகச் சாலை போடப் பாடுபட்ட ஜான் கிரெய்க், 1877 டிசம்பரில் தபால் பையோடு இதே கணவாயைக் கடக்கப் போய்ப் பனியில் இறந்தார். சற்று மேற்கே, சாலையோரக் காட்டில் கல்லறை இருக்கிறது. அதற்கெல்லாம் துளை கிடையாது.

டீ ரைட்டும் சிகரம் இல்லை. வனத்துறைக்காகப் பொதி விலங்குகளில் சரக்கு கொண்டுபோனவர், இந்தக் கட்டுமானத்துக்கு மேஸ்திரி. கோபுரம் முடியும் முன்பே, 1934-இல் போய்விட்டார்.

போன கோடையில் துளை வழியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் விளிம்பைப் பார்த்தேன். கல் முழுக்கக் குமிழி ஓட்டைகள், வாயு தப்பிப் போன இடங்கள். விரல் வைத்தால் தோலைக் கீறுகிறது. பழைய கட்டுரையை எடுத்து ஆறு சிகரங்களை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் பிடிபடவில்லை.