புதுச்சேரியில் எடுத்த படமும் தமிழ் பேசிய படமும்

"பிரெஞ்சுப் படமா? மெதுவா போகும் சார், முடிவும் புரியாது." அரியாங்குப்பத்தில் டீக்கடையில் சினிமா பேச்சு வந்தால் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போனால் சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இங்கே நிறைய வீடுகளில் பிரான்சில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ உண்டு. இருந்தும் பிரெஞ்சு சினிமா பற்றி நம்ம அபிப்பிராயம் இவ்வளவுதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றிக்கொள்ள எனக்கு உதவியது நமக்கு நெருக்கமான இரண்டு படங்கள். ஒன்று, ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' (2012). ஆங் லீ தைவானில் பிறந்தவர், ஆனால் படம் ஹாலிவுட் ஸ்டுடியோ தயாரிப்பு. முதல் பகுதி நடப்பது புதுச்சேரியில். நம்ம ஊர் தெருக்களில் படப்பிடிப்பும் நடந்தது. நான்கு ஆஸ்கர் வாங்கியது. இன்னொன்று, ஜாக் ஓதியாரின் 'தீபன்' (2015). கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம். இதில் நாயகன் எழுத்தாளர் ஷோபாசக்தி, நாயகி காளீஸ்வரி சீனிவாசன். வசனத்தில் பெரும்பகுதி தமிழ்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். 'லைஃப் ஆஃப் பை'யில் புதுச்சேரிக் குடும்பம் வீட்டுக்குள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறது. தமிழ் முக்கியமாக வருவது பாம்பே ஜெயஸ்ரீயின் தாலாட்டில். கேட்க இதமாக இருக்கும், ஆனால் கதையை நகர்த்தும் வேலை அதற்கு இல்லை. 'தீபன்' படத்தில் தமிழில்தான் பொய் சொல்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் அப்பா, அம்மா, மகள் என்று நடித்து பிரான்சுக்குப் போகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுப்பதைப் பார்த்து, அந்தச் சிறுமி தனக்கும் ஒன்று கேட்கிறாள். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொய்க் குடும்பத்தின் முழு பாரமும் அந்த இடத்தில் தெரிகிறது. யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இரண்டாவது வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது. 'லைஃப் ஆஃப் பை' கடைசியில் பை இரண்டு கதைகள் சொல்கிறான்: ஒன்றில் மிருகங்கள், இன்னொன்றில் மனிதர்கள். நல்ல இடம். ஆனால் பார்க்கிற நாம் யோசிக்குமுன், கதை கேட்கும் எழுத்தாளரே எந்த மிருகம் எந்த மனிதர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திச் சொல்லிவிடுகிறார். நம்ம வேலையைத் திரையில் ஒருவர் முடித்துக்கொடுத்துவிடுகிறார்.

'தீபன்' படத்தில் ஒரு ஷாட். ஒரே இருட்டு. அதில் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டு மெல்ல நெருங்கி வருகின்றன. அழகாக இருக்கிறது, என்னவென்று புரியவில்லை. கிட்ட வந்ததும்தான் தெரிகிறது: தீபன் தலையில் மினுக்கும் பட்டை மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் பொம்மைச் சாமான் விற்கிறான். சண்டைக்களத்திலிருந்து வந்தவனின் புது வாழ்க்கை இதுதான் என்பதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, வித்தியாசம் வேகத்தில் இல்லை. முடிச்சுகளைச் சேர்க்கும் வேலையை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஹாலிவுட் பெரும்பாலும் அதைத் தானே செய்துவிடும், ஏனென்றால் உலகம் முழுக்க ஒருத்தருக்கும் புரியாமல் போகக்கூடாது. பிரெஞ்சுப் படம் அதைப் பார்ப்பவரிடம் விடும். நமக்கு 'மெதுவா போகுது' என்று தோன்றும் நேரம் பல சமயம் நாம் அந்த வேலையைச் செய்ய வேண்டிய நேரம்.

இதற்குப் பின்னால் பண ஏற்பாடும் இருக்கிறது. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தனி வரி. அது சி.என்.சி. என்ற தேசிய சினிமா மையத்துக்குப் போய், படங்களுக்கு உதவியாகத் திரும்பி வருகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டுக்கும் இதே வரிதான். இப்படி ஒரு ஏற்பாடு உள்ள நாட்டில், திரைக்குப் புதியவர்களை வைத்து வேறு மொழியில் படம் எடுக்கும் தைரியம் கொஞ்சம் சுலபமாக வரும்.

அதற்காக பிரெஞ்சு என்றாலே உசத்தி என்று சொல்ல வரவில்லை. 'தீபன்' கடைசிப் பகுதி எனக்கு ஏமாற்றம். அதுவரை துடைப்பமும் பல்பும் கையில் வைத்திருந்த காவலாளி, திடீரென்று ஒற்றை ஆளாகக் கும்பலை அடித்து வீழ்த்துகிறான். புகை சூழ்ந்த படிக்கட்டில் அவன் ஏறும்போது நம்ம கமர்ஷியல் ஹீரோதான் ஞாபகத்துக்கு வருகிறார். ஒரு அகதியின் பயத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிவிட்டு, அதைத் துப்பாக்கியால் தீர்ப்பது அந்த மனிதனுக்குச் செய்த அநியாயம். அதற்குப் பிறகு வரும் லண்டன் காட்சி, எல்லாம் சுபம் என்று இன்னும் சுருக்கிவிடுகிறது.

கலப்பு ஒன்றும் புதுசில்லை. ஐம்பதுகளில் ஹிட்ச்காக்கைக் கொண்டாடி எழுதிய பிரெஞ்சு விமர்சகர்களில் ஒருவர்தான் பிறகு இயக்குநரான த்ரூஃபோ. கோதாரின் 'ப்ரெத்லெஸ்' (1960) நாயகன் ஹாலிவுட் நடிகர் போகார்ட்டின் படத்தைப் பார்த்து அவரைப்போலச் செய்து பார்ப்பவன். இரண்டு சினிமாவும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை.

ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் நம்ம ஊர் அழகாக இருக்கும். இரண்டாவதில் நம்ம ஊர் இல்லை, ஆனால் நம்மைப்போலப் பேசுகிற மனிதர்கள் இருப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் மனசில் நின்றது, அந்த முடிவையும் மீறி.