எடை இயந்திரம் காட்டாத இழப்பு

உடல் மெலிய உணவைக் குறைத்து நடந்தால் போதும், எடைப் பயிற்சி இளைஞர்களின் ஜிம் மோகம் என்ற வாதம் மீண்டும் வலுப்பெற்றிருக்கிறது. நடையின் நன்மையை யாரும் மறுப்பதற்கில்லை: செலவில்லை, எந்த வயதிலும் தொடங்கலாம், இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. எடைப் பயிற்சியால் நேரடியாகச் செலவாகும் கலோரியும் குறைவே. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 13 கிலோகலோரிதான் எரிக்கிறது. தசை கூடினால் தூக்கத்திலும் கொழுப்பு கரையும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வது மிகை.

ஆனால் நடையே போதும் என்ற வாதம் எடை குறைவதும் கொழுப்பு குறைவதும் ஒன்றே என்று கொள்கிறது. அதன் பெருங்குறை அதுதான். உணவு குறையும்போது உடல் கொழுப்போடு தசைப் புரதத்தையும் கரைக்கிறது. பளுவைச் சந்திக்கும் தசையில்தான் புரதம் மீண்டும் கட்டப்பட்டு அந்த இழப்பு ஈடாகிறது. பழகிய நடை கால்களுக்கே புதிய பளு தருவதில்லை. தோளுக்கும் முதுகுக்கும் சொல்லவே வேண்டாம்.

டென்னிஸ் வில்லரியால் குழுவினர் 2017-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடல் பருமன் கொண்ட 160 முதியவர்கள் ஆறு மாதம் அதில் பங்கேற்றனர். உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சி செய்த மூன்று பிரிவினரும் ஏறத்தாழ 9 விழுக்காடு எடை இழந்தனர். இயந்திரத்தின் முள் மூவருக்கும் ஒரே வெற்றியைக் காட்டியது. கொழுப்பல்லாத உடல் நிறையோ டிரெட்மில் நடை போன்ற ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் 5 விழுக்காடு குறைந்தது, எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் 2 விழுக்காடு. இடுப்பெலும்பின் அடர்த்தி முன்னவர்களிடம் சுமார் 3 விழுக்காடு சரிந்தது. பின்னவர்களிடம் ஒரு விழுக்காடுகூட இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே உடல் இயக்கத் திறனில் மிகவும் முன்னேறினர். (கொழுப்பல்லாத நிறை முழுவதும் தசை அல்ல, நீரும் அதில் அடங்கும்; எலும்பின் இழப்பை அப்படி விளக்கிவிட முடியாது.)

முதுமையில் இழந்த தசை எளிதில் மீள்வதில்லை. குறைந்த எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும் தடுக்கி விழாமல் சமாளிப்பதும் தசையின் வேலை. முதியவரிடம் அதைக் கரையவிட்டு ஐந்து கிலோ குறைந்ததைக் கொண்டாடச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை.

பளுவுக்கு ஜிம்மும் கட்டாயமில்லை. பஸ்கியும் சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலும் வீட்டிலேயே தொடக்கமாகும். நடையே போதும் என்போர் வாரத்துக்கு 150 நிமிட உடலியக்கம் என்ற உலக சுகாதார நிறுவன வழிகாட்டியின் கணக்கைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். 2020-இல் வெளிவந்த அதே வழிகாட்டி, வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி தரும்படி பரிந்துரைக்கிறது.