மாசு பற்றிய புதிய ஆய்வும் எமது மலையகமும்

குப்பையைப் பற்றி எழுதுவது இலக்கிய ஏட்டுக்கு ஏற்ற காரியமோ என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் அன்பர்கள் இருத்தல் கூடும். மூக்கைப் பொத்துவதற்கும் ஒரு வரலாறு உண்டு. கழிவு என்பது யாது, அதனைக் கழிவென்று விதித்தவர் எவர், அது எவருடைய வாசலிற் கொட்டப்படுகிறது என்று வினவும் ஓர் ஆய்வுத்துறை அண்மைக்காலத்தில் மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. கனடாவின் நியூபவுண்ட்லாந்திற் பணியாற்றும் மக்ஸ் லிபொய்ரோன் 2021இல் வெளியிட்ட, ‘மாசுபடுத்தல் குடியேற்றவாதமே’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் அத்துறையில் முக்கியமானது. மாத்தளையிலிருந்து அதனைப் படித்தபோது எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம்.

அழுக்கு என்பது ஒரு பொருளின் இயல்பன்று, சமூகம் வகுத்த ஒழுங்கிலே இடம் தவறி நிற்பதே அழுக்கு என்று 1966இல் மானிடவியலாளர் மேரி டக்ளஸ் விளக்கினார். சாதி ஆசாரத்தின் நடுவே வளர்ந்த எமக்கு இது பெரும் புதுமையன்று. லிபொய்ரோன் இதற்கப்பாற் செல்கிறார். ஓர் ஆறு எவ்வளவு கழிவை ஏற்றுத் தன்னைத்தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்று கணக்கிட, அமெரிக்காவின் ஒகையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர் 1925இல் ஒரு சமன்பாட்டை வகுத்தனர். அக்கணக்கு நாளடைவில், ‘இவ்வளவு வரை மாசுபடுத்தலாம்’ என்ற அனுமதியாயிற்று. நிலமும் நீரும் கழிவுத்தொட்டியாகத் தமக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்ற ஆதிக்க எண்ணம் அந்த அனுமதியினுள் மறைந்திருக்கிறது என்பதே நூலின் வாதம்.

இதனைப் படிக்கையில் சுதுகங்கை நினைவுக்கு வராமல் இராது. மாத்தளை வழியே ஓடும் அவ்வாறு அம்பன் கங்கையோடு சேர்கிறது. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீரும் உக்குவளை மின்னிலையத்தைக் கடந்து அதனுள்ளேயே விழுகிறது. போவதென்னைக்கு அப்பால் அந்நீர் வறண்ட வலயத்துக் குளங்களையும் வயல்களையும் சென்றடைகிறது. பாலத்தின் மீது நின்று ஒருவன் எறியும் பொதி அவன் கண்ணுக்கு மறைகிறதேயன்றி எங்கும் ஒழிந்துவிடுவதில்லை.

மாத்தளைக்கு இவ்விடயத்தில் ஒரு நற்பெயரும் உண்டு. 2007இல் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழு, வங்காளதேசத்தின் ‘வேஸ்ட் கன்சேர்ன்’ நிறுவனம், இந்நாட்டின் ‘செவனத’ ஆகியவை மாநகர சபையோடு சேர்ந்து இங்கே ஒரு வளமீட்பு நிலையத்தை அமைத்தன. உக்கும் குப்பை கூட்டுப்பசளையாக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆயினும் தரம் பிரியாது கண்ணாடித் துண்டோடும் பொலித்தீனோடும் வரும் குப்பையிலிருந்து நல்ல பசளை பிறவாது. அதனைப் பிரிக்கும் வேலை வீட்டில் நடவாவிடின், யாரோ ஒரு தொழிலாளியின் விரல்கள்தாம் பிரிக்கவேண்டும். திட்ட அறிக்கைகள் தொன் கணக்கைப் பேசுமளவுக்கு விரல்களைப் பேசுவதில்லை.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். அம்மலையடியில் வாழ்ந்தோர் ஏழைகள். அதே காலப்பகுதியிற் பிரித்தானியாவிலிருந்து கழிவு நிறைந்த 260க்கு மேற்பட்ட கொள்கலன்கள் இந்நாட்டில் வந்திறங்கின. அவற்றின் கடைசித் தொகுதி திரும்பிச் செல்ல 2022 பெப்ரவரி ஆயிற்று. லிபொய்ரோனின் வாதத்துக்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இந்நூலிடம் எமக்கொரு குறை உண்டு. நிலத்தை அது நன்கு அறியும். சாதி அதன் கணக்கில் இல்லை. எமது நாட்டிலே கழிவைக் கொட்டும் நிலம் மாத்திரமன்று, கழிவை அள்ளும் கையும் முன்கூட்டியே உரிமைகொள்ளப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் காலத்து நகரசபைகள் தென்னிந்தியாவிலிருந்து நகரசுத்தித் தொழிலாளரைக் கொண்டுவந்து லயங்களிற் குடியேற்றின. கண்டியின் மஹியாவை அதற்குச் சாட்சி. தோட்டத்துக்கு வந்தோர் நிலை வேறாயினும் கதை ஒன்றே. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தோரில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். பிழைத்து உழைத்தவர்களின் சந்ததியை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டனர். இடம் தவறிய பொருளாக மனிதரையே எண்ணிய கணக்கு அது.

இலக்கியத்துக்கு வருவோம். ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறை வாழ்வைத் தகழி 1947இல் மலையாளத்தில் நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதனைத் ‘தோட்டியின் மகன்’ எனத் தமிழாக்கினார். மலர்வதியின் ‘தூப்புக்காரி’ 2012இற் சாகித்திய அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருதைப் பெற்றது. மலையகத்திலோ தேயிலைக்கும் இறப்பருக்கும் எழுத்தாளர் பலர் உளர். நகரசபை லயங்களிலிருந்து எமக்குப் படிக்கக் கிடைத்தவை மிகச் சிலவே.

சென்ற தவணையில் ‘எமது நகரின் தூய்மை’ என்று கட்டுரை எழுதப் பணித்தோம். குப்பை போடாதீர் என்ற உபதேசமே ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் இருந்தது. ஒரு மாணவன் மாத்திரம், தன் தந்தை விடியுமுன் குப்பை வண்டியோடு புறப்படுவதையும், மத்தியானம் வந்து மூன்று தடவை கை கழுவிய பின்னரே சோற்றைத் தொடுவதையும் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் பல. அதனை வகுப்பில் வாசித்துக் காட்டலாமா என்று தனியே அழைத்துக் கேட்டோம். “வேண்டாம், சேர்” என்றான்.